ஏசுதாஸ் மாமாவுக்கு வந்த முகம்

ஏசுதாஸ் என் அக்கா மோலியின் புருஷன். அக்கா புருஷனை எங்கள் வீட்டில் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அறுபத்தெட்டு வயதுவரை அந்த மனுஷனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. அதற்கப்புறம் எல்லாருக்கும் சேர்த்து வைத்துக் கொடுத்தார். இப்படிச் சொல்வதால் அவர் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான். ஆனால் கோபம் மட்டும் இல்லை.

அவர் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து, தூசி நெஞ்சில் ஏறி, ஐம்பதைப் பார்க்காமலே போய்விட்டார். பெரியப்பா சித்தப்பாக்களும் அப்படித்தான், ஒருவர் பின் ஒருவராக. மாமா மைசூருக்கு வந்து ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தார், அங்கேயே ரிட்டயர் ஆனார், விஜயநகரில் ஒரு சின்ன வீடு கட்டினார். ஆள் ஒல்லி. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருக்கும். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டையே ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்கும் போட்டுக்கொண்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் பால் வாங்க நடப்பார், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போவார், மழை வந்தால் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுத் துடைப்பார். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் ஈவ்லின், அடுத்த தெருவில் தனியாக இருக்கிறேன். கணக்கு டீச்சராக இருந்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

அவர்களுக்கு ஒரே பையன் லாய்ட். அவன் எங்கள் அப்பாவை உரித்து வைத்திருந்தான். அகலமான முகம், கனத்த தாடை, தடித்த விரல்கள். மாமாவின் ஜாடை மருந்துக்கும் இல்லை. "உங்க பையன ஆஸ்பத்திரில மாத்திக் கொடுத்துட்டாங்க மாமா" என்று கேலி செய்வேன். "உங்க அக்காதான் அங்க டியூட்டில இருந்தா, அவளையே கேளு" என்று சிரிப்பார்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் பெங்களூரில் லாய்டின் பெண்டாட்டி முதலில் போனாள். அந்த வாரமே லாய்டும் போனான். எங்களவர்களில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொருவராகப் போய் நெற்றியில் முத்தம் கொடுப்போம். பெற்றவள் கடைசியாகக் கொடுப்பாள், அவள் நகர்ந்த பிறகுதான் மூடுவார்கள். அது நடக்காமல் யாரையும் மண்ணுக்குள் அனுப்புவதில்லை. லாய்டை அனுப்பினோம். பிளாஸ்டிக்கில் சுற்றி, மூடிய பெட்டியில் வந்தான். நாங்கள் கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் நின்றோம். கவச உடை போட்ட பையன்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். உள்ளே இருந்தது லாய்ட்தானா என்றுகூட அக்கா பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் அழவும் இல்லை. யாருக்காக அழுவது என்று தெரியாத மாதிரி நின்றாள்.

லாய்டின் மகள் ஜெனிஃபர் தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

மறு வருஷம் ஒரு காலையில் மாமா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். ரிப்பனைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஈவ்லின், இவ காலேஜ் முடிக்கறப்ப எனக்கு என்ன வயசு ஆகும்?"

"கணக்கு டீச்சர்கிட்ட கேக்கற கேள்வியா மாமா இது? எண்பதத் தாண்டிடும்."

"எங்க வம்சத்துல எழுபதத் தாண்டினவன் யாருமில்ல, அது தெரியுமா உனக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ரிப்பனை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். இந்தக் குழந்தை மறுபடியும் ஒரு பெட்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஆசையில் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

பார்க்கில் நடக்க வரும் யாரோ ஒரு புண்ணியவான் புது லேஅவுட்டில் திறந்திருந்த ஒரு கிளினிக்கைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் நரைத்த தலையும் முறுக்கிய புஜமுமாக ஒரு வெள்ளைக்காரன் படம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறதாம். வாலிபம் தாண்டினால் வருஷா வருஷம் குறைந்து, கிழவனானால் கொஞ்சம்தான் மிச்சம் இருக்குமாம். இதுவரைக்கும் உண்மைதான். அதற்கு மேல்தான் காது குத்தினார்கள். முதுமை என்பதே இந்தக் குறைச்சல்தான், தினம் ஊசி போட்டு முப்பது வயசு அளவுக்கு ஏற்றிவிட்டால் உடம்பு முப்பதென்றே நம்பிவிடும் என்றார்கள். மாமா காதை நன்றாக நீட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"வளர்ச்சி ஹார்மோன் வளர்ற புள்ளைக்கு. நீங்க இன்னும் எவ்ளோ மாமா வளரப் போறீங்க?" என்று கத்தினேன்.

"நான் வளர இல்லம்மா. அவ வளர்றவரைக்கும் நான் நிக்கணும்."

அக்காவைப் பார்த்தேன். அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நர்ஸ் அல்லவா? அவள் கிளினிக்கில் கொடுத்த ஊசிப் பேனாவைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும் மாமா பனியனைத் தூக்குவார், அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்துவாள். தினமும் இது நடந்தது.

பொய் சொல்ல மாட்டேன், முதல் சில மாதங்கள் நன்றாகவே இருந்தது. முகத்தில் சுருக்கம் குறைந்தது. கேஸ் சிலிண்டரைத் தனியாகத் தூக்கினார். ஜெனிஃபரைத் தோளில் உட்காரவைத்துத் தெருமுனைவரை நடந்தார். எதிர்வீட்டு மஞ்சுநாத் கேட்டருகே நின்று, "ஏனு ஸார், ரிவர்ஸ் கியர் போட்டுட்டீங்களா? எங்களுக்கும் ஸ்வல்ப ரகசியம் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். எனக்கே ஒரு சபலம் தட்டியது. கிளினிக்காரர்கள் குஷியாகி அளவைக் கூட்டினார்கள்.

கூட்டிய பிறகுதான் முகம் மாறத் தொடங்கியது. ஒட்டிய கன்னம் உப்பியது. தாடை கனத்தது. விரல்கள் தடித்து, கல்யாண மோதிரம் கழற்ற வராமல் இறுகியது. அவருடைய சட்டைகள் எதற்கும் பொத்தான் போட முடியவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி லாய்டின் சட்டைகளை எடுத்தார். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவர்களோடு கோயிலுக்குப் போக வந்திருந்தேன். அக்கா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். பின்வாசல் வழியாக மாமா வந்தார். வெளிச்சம் முதுகுப் பக்கம்.

"லாய்ட், செருப்ப வெளிய விட்டுட்டு வாடா. எத்தன தடவ சொல்றது?" என்றாள் அக்கா.

தினமும் சொல்கிறவள் போலச் சாதாரணமாகச் சொன்னாள். காபி ஆற்றும் கை நிற்கக்கூட இல்லை. அப்புறம்தான் நிமிர்ந்தாள். நானும் பார்த்தேன். எங்கள் அப்பாவின் முகம், லாய்டின் முகம், அந்த வாசலில் நின்றது. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். மாமா மெதுவாகப் பின்னால் நகர்ந்து செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட எங்கள் மூவர் காதிலும் விழவில்லை.

அந்த வாரமே அக்கா படுக்கையை ஜெனிஃபர் அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பெத்த புள்ள மூஞ்சியோட பக்கத்துல ஒருத்தர் படுத்திருந்தா எப்படிடி கண்ண மூடறது?" என்று என்னைக் கேட்டாள்.

பயம் இருந்தவரை தேவலாம் போலிருந்தது. பயம் போய், அது பசியாக மாறியது. அக்கா அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மீசையை எடுக்கச் சொன்னாள், எடுத்தார். தலைக்குச் சாயம் பூசி, லாய்டைப் போல வலப்பக்கம் வகிடெடுத்து வாரிவிட்டாள். லாய்டுக்குப் பிடித்த பன்றிக்கறி வறுவலை மிளகு தூக்கலாகச் செய்து வைத்தாள். மாமா வயிறு அதைத் தாங்காது. ஜெலுசில் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா" என்றாள் ஒரு நாள். நாற்பது வருஷம் வாங்க போங்க என்று பேசியவள்.

வெளியே இழுத்துக்கொண்டு போய் மாமாவைக் கேட்டேன். "இது என்ன கூத்து? உங்களுக்கு அசிங்கமா இல்ல?"

"அவ சிரிக்கிறா ஈவ்லின். லாய்ட் போனதுக்கு அப்புறம் அவ சிரிச்சு நீ பாத்திருக்கியா?"

"நீங்க எங்க மாமா அதுல?"

"நான் எதுக்கும்மா," என்றார்.

ஒரு மதியம் அவர் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தடித்த விரல்களால் கண்ணாடியில் தெரிந்த கன்னத்தைத் தடவி, "நான் இருக்கேன், நீ போயிட்டியேடா" என்றார். கண்ணாடியில் இருந்தவனும் அதையே சொன்னான். நான் சத்தம் போடாமல் வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

ஜெனிஃபர் மட்டும் அவரைத் தாத்தா என்பதை விடவில்லை. ஆனால் முன்னைப்போல மடியில் ஏறுவதில்லை. என் வீட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சின்னப் பாட்டி, அப்பா மாதிரி ஆயிட்டா, அப்பா மாதிரியே செத்துடுவாங்களா?"

"சீ, பைத்தியம். யாரு சொன்னா அப்படி? எழுது" என்று அதட்டினேன். அவள் எழுதினாள். எனக்குத்தான் அதற்கப்புறம் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

விரல்கள் மரத்துப் போக ஆரம்பித்திருந்ததை மாமா யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் குறுக்கே மாடு வந்தது. பிரேக்கைப் பிடிக்கக் கை மடங்கவில்லை. ஸ்கூட்டர் சாய்ந்து, பின்னால் உட்கார்ந்திருந்த ஜெனிஃபரின் இடது கை உடைந்தது. யாருக்காக அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாரோ, அந்தக் குழந்தை மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தது. மாமா ஆஸ்பத்திரி நடையில் தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

அங்கேயே அவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. ஹார்மோன் வியாதிகளைப் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண், தமிழும் கன்னடமுமாகப் பொறுமையாகப் பேசினாள்.

"இது அந்தச் சுரப்பி கெட்டுப் போனவங்களுக்கு மருந்து ஸார். வயசாகறது வியாதி அல்ல, அதுக்கு இது மருந்தும் அல்ல. இதப் போட்டா ஆயுசு கூடும்னு யாரும் நிரூபிக்கல. உடம்புல நீர் கோக்கும், மணிக்கட்டுல நரம்பு நசுங்கும், சர்க்கரை ஏறும். உங்களுக்கு மூணும் ஆயித்து. ஆயுசுக்காகப் போட்டேன்கிறீங்க. இன்னும் போட்டா இருக்கறதும் குறையும்."

மாமா சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. "நிறுத்திட்டா இந்த மூஞ்சி?" என்று கேட்டார்.

"அது பெரும்பாலும் நீர்தான் ஸார். கொஞ்ச நாள்ல வடிஞ்சு பழையபடி ஆயிடுவீங்க, பயப்படாதீங்க" என்று சிரித்தாள். நல்ல சேதி சொன்னதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள், பாவம்.

அன்று சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும் அக்கா வழக்கம்போல ஃபிரிட்ஜைத் திறந்தாள். "இன்னைக்கு மட்டும்" என்றாள். மறுநாளும் இன்றைக்கு மட்டும் என்றாள். மாமா பனியனைத் தூக்கினார். அந்த வார வெள்ளிக்கிழமை நான் பார்த்துவிட்டேன். ஊசிப் பேனாக்களை அள்ளி எடுத்து அம்மிக் குழவியால் நசுக்கினேன்.

"காலமெல்லாம் ஊசி போட்ட கை உனக்கு! என்ன ஆகும்னு தெரியாதா? புருஷனக் கொல்லப் போறியா?"

"தெரியும்டி! எல்லாம் எனக்குத் தெரியும்!" அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மூடியே கொண்டு வந்தாங்க, மூடியே கொண்டு போனாங்க. இப்பத்தான் அவன் வந்திருக்கான். கொஞ்சம் கொஞ்சமா அவன் போறத நான் தினம் உக்காந்து பாக்கணுமா? மறுபடியும் எங்கிட்டேர்ந்து எடுக்காதீங்கடி!"

மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"அப்ப நாளைக்குப் பாத்து மூடு, மோலி."

எனக்கு முதலில் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஜெனிஃபரை மஞ்சுநாத் வீட்டுக்கு விளையாட அனுப்பினார்கள். மாமா குளித்து, முகம் மழித்து, லாய்டின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கட்டிலைக் கூடத்து நடுவில் இழுத்து, கால் வாசல் பக்கம் இருக்கும்படி போட்டார்கள். தலைமாட்டில் சிலுவையும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்தாள் அக்கா.

"உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிருக்கு. உசிரோட இருக்கற மனுஷன இப்படி..."

"ஈவ்லின், சும்னே இரும்மா," என்று சொல்லிவிட்டு மாமா படுத்துக் கண்ணை மூடினார். அக்கா ஜெபமாலையை அவர் விரல்களில் சுற்றினாள். பன்னீரில் துணியை நனைத்து முகத்தைத் துடைத்தாள். இறந்தவர்களுக்கான ஜெபத்தை அவள் தொடங்க, நான் திட்டிக்கொண்டே சேர்ந்து சொன்னேன். முதல் முத்தம் நான் கொடுத்தேன். நெற்றி சூடாக இருந்தது. சில்லென்று இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அக்கா உட்கார்ந்து அவனோடு பேசினாள். அவனோடு என்றுதான் எழுத வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் போன் பண்ணவில்லை என்று திட்டினாள். தண்ணீர் கேட்டாயா, யாராவது கொடுத்தார்களா என்றாள். உன் மகளுக்கு முன்பல் விழுந்து முளைத்துவிட்டது, கை உடைந்திருக்கிறது, ஆனால் சரியாகிவிடும் என்று சொன்னாள். அப்புறம் குனிந்து நெற்றியில் உதட்டை வைத்தாள். எடுக்கவே இல்லை. எடுத்தபோது வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடினாள்.

அப்போதுதான் அழுதாள். கல்லறைச் சுவரோரம் வராத அழுகை அது. தெருவுக்கே கேட்டிருக்கும். துணி வாயருகே உள்ளே போய் வெளியே வந்தது. உள்ளே போய் வெளியே வந்தது. கோட்டுக்குள் மாமாவின் நெஞ்சு குலுங்கியது. செத்தவனாகப் படுத்துக்கொண்டு செத்தவனுக்காக அவரும் அழுதுகொண்டிருந்தார். நான் அந்தக் கூடத்தை விட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

ஓடுவதற்குள் வாசலில் ஜெனிஃபர் நின்றாள். அழுகைச் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். அவளைப் பிடிக்க ஓடிவந்த மஞ்சுநாத் கேட்டிலேயே நின்றுவிட்டார். அவள் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல?" என்றாள்.

மாமா துணியைக் கிழித்தெறிகிற மாதிரி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "இல்லடா தங்கம்! இல்லடா! தாத்தாடா, இங்க பாரு, தாத்தாதான்!"

அவள் ஓடிவந்து மாவுக்கட்டு இல்லாத கையால் அவரை அடி அடியென்று அடித்தாள். அவர் நகராமல் வாங்கிக்கொண்டார். கை ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"அப்போ எப்ப சாவீங்க?"

அக்காவின் அழுகை நின்றுவிட்டது. இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதானே மனுஷன் இத்தனையும் செய்தார்?

"தெரியாதுடா கண்ணு," என்றார் மாமா. "தாத்தாவுக்கு நெஜமாவே தெரியாது. ஆனா எப்பப் போனாலும் இந்த மூஞ்சியோட போக மாட்டேன். உன் தாத்தா மூஞ்சியோடதான் போவேன். நீ நல்லாப் பாத்து, முத்தம் கொடுத்த அப்புறம்தான் மூடுவாங்க. சரியா?"

அவள் கட்டிலில் ஏறி அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் ஊசி இல்லை. நீர் வடிய வடிய மாமா தினம் கொஞ்சமாகக் கரைந்தார். லாய்டின் சட்டைகள் தொளதொளத்தன. சாயம் போய் நரை எட்டிப் பார்த்தது. சர்க்கரை போகவில்லை, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். விரல் மரத்துப் போவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆயுசு எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அக்கா அவரை நேராகப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். குனிந்த தலையோடு தட்டை வைப்பாள், எடுப்பாள். என்னோடும் பேச்சில்லை. இவளையும் சேர்த்தே புதைத்துவிட்டோமோ என்று பயந்தேன்.

போன மாதம் ஒரு காலை நான் போயிருந்தபோது மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பழைய பனியன், முளைத்துவந்த வெள்ளை மீசை. அக்கா காபியைக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டியவள் கையை எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். குழி விழுந்த கன்னத்தை, துருத்திய கழுத்தெலும்பை, காது மடலில் முளைத்த நரை மயிரை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்கங்க போயிருந்தீங்க இத்தன நாளா?" என்றாள்.

மாமா காபியைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.